நாலு ஸ்டாப்புல கத்துக்கிட்ட கிட்டார்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எம் பொண்ணு பிரியாவோட ரிசப்ஷன் மேடையில ஏறி, நாலு நிமிஷம் கிட்டார் வாசிச்சுட்டு எறங்கணும்.

ஏறினேன். எறங்கினேன். நடுவுல நடந்ததைத்தான் சொல்லப் போறேன்.

நான் கம்பெனி பஸ் டிரைவர். காத்தால படப்பையில ஆரம்பிச்சு, வழியில ரெண்டு ஸ்டாப்புல ஆளுங்களை ஏத்திகினு, ஒரகடத்துல ஃபேக்டரி கேட்ல கொண்டுபோய் வுடணும். இந்தக் கை ஸ்டீயரிங்கைப் புடிச்சு முப்பது வருஷம். கிட்டாரைப் புடிச்சு நாப்பது நாள்.

எல்லாத்துக்கும் காரணம் எங்க வூட்டு ஹால் சுவரு.

மழைத் தண்ணி எறங்கி, ஒரு ஆள் குந்திகினு இருக்கற மாதிரி அதுல ஒரு கறை. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வர்ற அன்னைக்கு எம் பொண்டாட்டி தேவகி சொல்லிட்டா.

"இன்னாயா, வர்றவங்க பொண்ணைப் பாப்பாங்களா, உன் சுவத்தைப் பாப்பாங்களா? எதையாவது மாட்டி மறை!"

கையில கெடைச்சது ஒரு கிட்டார். மாடியில குடியிருந்த ஒருத்தர் காலி பண்ணிகினு போகும்போது, ஊருக்குப் போற பஸ்ல வெக்க இடம் இல்லைன்னு வுட்டுட்டுப் போனது. ஆணி அடிச்சு மாட்டினேன். கறை மறைஞ்சுது. ஹாலுக்கே ஒரு படிச்ச களை வந்துச்சு.

சம்பந்தி வந்தாரு. பிள்ளைப்பாக்கத்துல மனை ப்ரோக்கர். சுடுகாட்டுக்குப் பக்கத்து மனையை "அமைதியான சூழல்"னு சொல்லி வித்த மனுஷன். காப்பி டம்ளரைக் கையில வாங்கினவரு, குடிக்காம சுவத்தையே பாத்தாரு.

"கிட்டார் மாட்டிகினு இருக்குதே! யார் வாசிக்கறது?"

சும்மா அழகுக்குன்னு சொல்ல தேவகி வாயைத் தொறந்தா. அதுக்குள்ள நான் முந்திகினேன்.

"நான்தாங்க. ஏதோ... டியூட்டி இல்லாத நேரத்துல."

அந்த "ஏதோ"தான் என்னைக் கவுத்துச்சு. "நல்லா வாசிப்பேன்"னு பெருமை அடிச்சிருந்தா யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. "ஏதோ"ன்னு அடக்கமா சொன்னதும், இவன் பெரிய ஆளுடான்னு ஆயிடுச்சு.

சம்பந்தி எழுந்து வந்து என் கையைப் புடிச்சுகினாரு.

"நான் கீபோர்டுங்க! ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்ச கை! ரிசப்ஷன்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்றோம். பத்திரிகையிலயே போட்டுடறேன்!"

போட்டுட்டாரு. "சம்பந்திகள் வழங்கும் இன்னிசை"ன்னு கொட்டை எழுத்துல. மணமக்கள் பேரு அதைவிட கொஞ்சம் சின்னதா இருந்துச்சு.

நான் பத்திரிகையைப் பாத்து சிரிச்சேன். பிரியா சிரிக்கலை.

"அப்பா, அந்த வூட்ல அவரோட பெரியத்தை, அதான் மாமனாரோட அக்கா, சொல்றதுதான் சட்டமாம். ஒரு வார்த்தையைப் புடிச்சாங்கன்னா பத்து வருஷம் வுட மாட்டாங்களாம். அவரே சொன்னாரு."

"அதுக்கு இன்னாமா?"

"மேடையில நீ முழிச்சேன்னா, அப்புறம் அந்த வூட்ல உப்பு கொறைஞ்சாக்கூட 'புளுகன் பொண்ணுதானே'ன்னு பேச்சு வரும். உனக்கு நாலு நிமிஷம்பா. நான் அங்க போய் காலம் பூரா இருக்கணும்."

எனக்கு சோறு எறங்கலை. சுவத்துலேர்ந்து கிட்டாரை எறக்கினேன். கறை மறுபடி வந்து குந்திகினு என்னைப் பாத்துச்சு.

படப்பையில ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல கிட்டார் கிளாஸ். சொல்லிக் குடுக்கற மிஸ்ஸுக்கு எம் பொண்ணு வயசுதான். சேர்த்துக்கும்போதே கேட்டாங்க.

"தினமும் எவ்ளோ நேரம் பிராக்டிஸ் பண்ணுவீங்க அங்கிள்?"

"நேரமே இல்ல மிஸ்ஸு. ஒரு நாளைக்கு ஆறு ட்ரிப்பு. வூட்டுக்குப் போனா கல்யாண வேலை."

"பரவால்ல. பத்து நிமிஷம் போதும். ஆனா டெய்லி எடுக்கணும். முழுப் பாட்டையும் போட்டு உருட்டாதீங்க. சின்னத் துண்டா பிரிச்சு, கஷ்டமான எடத்தை மட்டும் மெதுவா, திரும்பத் திரும்ப. கடைசியில எல்லாத்தையும் சேர்த்து வாசிச்சுப் பாருங்க."

சொன்னது எல்லாம் என் காதுல வுழுந்துச்சு. கடைசி வரி மட்டும் படியிலயே நின்னுடுச்சு.

பாட்டு இன்னான்னு சொல்ல மாட்டேன். அதைப் போட்டவரு மனசு நோகும்.

மொத ரெண்டு நாள் வூட்ல வாசிச்சேன். தேவகி அடுப்படியிலேர்ந்து கேட்டா, "இன்னாயா, தேங்கா துருவுறியா?"

அதுலயும் எஃப்புன்னு ஒரு கார்டு, அதாவது கம்பிப் புடி. ஒரே வெரலை ஆறு கம்பி மேலயும் படுக்க வெச்சு அழுத்தணும். நான் அழுத்தினா கம்பியிலேர்ந்து சத்தம் வரலை. எங்கிட்டேர்ந்துதான் வந்துச்சு.

அப்பதான் இந்தக் கதைக்குள்ள முத்துப்பாண்டி வந்தாரு. நம்ம பஸ்ல தெனம் ஏறறவரு, ஃபேக்டரியில லைன் லீடர், சங்கரன்கோவில் பக்கம். கம்பெனியில எதை எடுத்தாலும் நேரத்தை எப்படி மிச்சம் புடிக்கலாம்னு ட்ரெயினிங் குடுத்துக் குடுத்து, மனுஷன் இட்லி சாப்பிடும்போதுகூட கையில ஸ்டாப்வாட்ச்.

என் கஷ்டத்தைக் கேட்டாரு.

"நேரம் இல்லன்னு ஏண்ணே சொல்லுதிய? ஒவ்வொரு ஸ்டாப்புலயும் மூணு நிமிசம் வண்டியை நிப்பாட்டுதியல்லா? அந்த மூணு நிமிசம் என்ன பண்ணுதிய?"

"சும்மா இருக்கேன்."

"அதான் வேஸ்ட்டு! கிட்டாரை எங்க வச்சிருக்கிய?"

"உறையில போட்டு, பரண்ல."

"எடுக்க ரெண்டு நிமிசம், திருப்பி வைக்க ரெண்டு நிமிசம். கெட்டுச்சு போங்க! உறையில்லாம சீட்டுக்குப் பின்னாடி வைங்க. கை நீட்டுனா வரணும்."

ஒரு பழைய டவுன் பஸ் டிக்கெட்டுக்குப் பின்பக்கம் படம் போட்டே குடுத்துட்டாரு. பாட்டு நாலு துண்டு. ஸ்டாப்பு நாலு. படப்பையில மொதத் துண்டு. லேடீஸ் ஹாஸ்டல்ல ரெண்டாவது. பேக்கரி ஸ்டாப்புல மூணாவது, அதுலதான் அந்த எஃப்பு. ஒரகடம் கேட்ல செக்யூரிட்டி வண்டியைப் பாத்து வுடற வரைக்கும் நாலாவது.

"ஒரு ஸ்டேஷன்ல ஒரு வேலைதாண்ணே. கலக்கவே கூடாது."

"எல்லாத்தையும் சேர்க்கறது எப்ப?"

"அசெம்பிளி கடைசி நாள். பார்ட்டு சரியா இருந்தா தானா உக்காந்துரும்."

முப்பது வருஷமா வண்டியோட பொழைக்கிற எனக்கு, எந்த பார்ட்டும் தானா உக்காராதுன்னு தெரியாதா? தெரியும். ஆனா ஸ்டாப்வாட்ச் வெச்சிருக்கறவர் சொல்லும்போது எதுத்துப் பேசத் தோணலை.

மறுநாள் காத்தாலயே ஆரம்பிச்சேன். படப்பை ஸ்டாப்புல வண்டியை நிறுத்தினேன், ஹேண்ட் பிரேக் போட்டேன், கிட்டாரை எடுத்தேன். மொத சத்தம் வந்ததும் பின் சீட்டுலேர்ந்து ஒரு குரல்.

"அண்ணே, பிரேக் ஷூ தேஞ்சுபோச்சு போல. ஷெட்டுக்கு வுடுங்க!"

லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு ஏறும்போதே காதைப் பொத்திகினு கேட்டுச்சு. "அண்ணா, நாங்க இன்னா தப்பு பண்ணோம்?"

கேட்ல செக்யூரிட்டி டார்ச் அடிச்சு பஸ்ஸுக்கு அடியில பாத்தாரு, ஏதோ மாட்டிகினு கத்துதுன்னு.

ஆனா வுடலை. மூணு நிமிஷம் ஒரே துண்டு. துண்டு முடிஞ்சா கிட்டார் பின்னால போவும். இடது கை கியருக்குப் போவும். வாய் தன்னால சொல்லும், "படியில நிக்காத, உள்ள போ! உள்ள போ!" வண்டி கெளம்பும். தெனம் அதே வரிசை.

ரெண்டு வாரத்துல கம்பியிலேர்ந்து சத்தம் வர ஆரம்பிச்சுது. மூணாவது வாரத்துல எஃப்பு படுத்துச்சு. சத்தியமா சொல்றேன், மிஸ் சொன்ன வித்தை வேலை செய்யுது! ஒரு மணி நேரம் குந்தி ஒப்பேத்தறதை வுட, மூணு நிமிஷம் ஒரே எடத்தைப் புடிச்சுகினு தொங்கறது எவ்வளவோ மேலு.

இன்னொண்ணும் நடந்துச்சு. அதை நான் அப்ப கவனிக்கலை.

அந்த விடிகாலை நேரத்துல ஹார்ன் அடிச்சா அக்கம்பக்கம் கம்ப்ளெயின்ட். கிட்டாருக்கு யாரும் இன்னும் ரூல் போடலை. அதனால நான் ஹார்ன் அடிக்கறதையே வுட்டுட்டேன். ஹாஸ்டல் பொண்ணுங்க ரெண்டாவது துண்டு கேட்டா பஸ் வந்துடுச்சுன்னு டிபன் பாக்ஸை மூடிகினு ஓடி வந்தாங்க. பேக்கரி ஸ்டாப்புல எஃப்பு கேட்டதும் டீயை ஒரே மடக்குல ஊத்திகினாங்க.

ஒரகடம் கேட்டுக்கு வரும்போது வண்டி பூரா தூக்கம். வாயைத் தொறந்துகினு, கண்ணாடியில தலையை இடிச்சுகினு, நாப்பது பேரும் தூக்கம். முன்னெல்லாம் நான் "எறங்குப்பா, எறங்குப்பா"ன்னு தொண்டை கிழியக் கத்துவேன். இப்ப நாலாவது துண்டை வாசிச்சா போதும். கண்ணை முழுசா தொறக்காமயே எழுந்து, பையைத் தோள்ல மாட்டி, கழுத்துல ஐடி கார்டை சரி பண்ணிகினு, வரிசையா முன்னால வந்து, "வரேண்ணே"ன்னு எங்கிட்ட சொல்லிட்டு எறங்குவாங்க.

இதுக்கு நடுவுல சம்பந்தியை ரிகர்சலுக்குக் கூப்பிட்டேன்.

"நமக்கு எதுக்கு சம்பந்தி ரிகர்சல்? கலைஞனுக்கும் கலைஞனுக்கும் கண்ணாலயே பேசிக்கலாம். பாட்டு எது, எவ்ளோ ஸ்பீடு, அது மட்டும் சொல்லிடுங்க. நான் செட் பண்ணிக்கறேன்."

"வாசிக்கிறேன்"னு சொல்லாம "செட் பண்ணிக்கறேன்"னு சொன்னாரேன்னு எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். ரிகர்சல் இல்லைன்ற சந்தோஷத்துல ஒண்ணும் உறைக்கலை.

கடைசி நாள் வந்துச்சு, அதான் அசெம்பிளி நாள். அன்னைக்குப் பந்தல்காரன் வரலை, பூக்காரன் போன் எடுக்கலை, தேவகிக்கு பிளவுஸ் கை பத்தலை. நான் பைக்ல சுத்தினேன். நாலு துண்டும் நாலு ஸ்டாப்புலயே கெடந்துச்சு.

ரிசப்ஷன். படப்பையில மண்டபம், ஏசி ஹால். நம்ம பஸ் ஆளுங்க மொத்தமா வந்துட்டாங்க. ஷிஃப்டு முடிச்சு, அதுக்கு மேல ஓவர்டைமும் பாத்துட்டு, யூனிஃபார்மோட நேரா வந்து முன் வரிசைகளைப் புடிச்சாங்க. நாற்காலி மெத்து மெத்துன்னு கீது. ஏசி ஜில்லுன்னு கீது. அஞ்சே நிமிஷத்துல எல்லாரும் தூங்கிட்டாங்க. மொத ஆளு முத்துப்பாண்டி.

மேடையில ஒரு ஓரமா நானும் சம்பந்தியும். எனக்கு இடது பக்கம் அவரு, கீபோர்டு முன்னால. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மைக் ஸ்டாண்டு. மேடைக்கு நடுவுல பொண்ணு மாப்பிள்ளை. மேடைப் படியில போட்டோவுக்காக ஏறி வர்றாங்க, பட்டுப் புடவையில, அந்தப் பெரியத்தை.

பிரியா என்னைப் பாத்தா. கண்ணுல தண்ணி ரெடியா நின்னுகினு இருந்துச்சு.

சம்பந்தி தலையை ஆட்டினாரு. கீபோர்டு ஆரம்பிச்சுது. நானும் ஆரம்பிச்சேன்.

மொதத் துண்டு. சொல்லக் கூடாது, தேன் மாதிரி வந்துச்சு! தேவகி வாய் பொளந்துட்டா. பெரியத்தை படியிலயே நின்னு கேட்டாங்க.

மொதத் துண்டு முடிஞ்சுது.

என் இடது கை கிட்டாரை வுட்டுட்டு கியருக்குப் போச்சு.

நான் போவச் சொல்லலைங்க! அதுவா போச்சு! அங்க கெடைச்சது மைக் ஸ்டாண்டு. புடிச்சு ஃபர்ஸ்ட் கியருக்குத் தள்ளினேன். மைக் சுத்தி வந்து என் வாய்கிட்ட நின்னுச்சு. ஸ்டாண்டோட கம்பி சம்பந்தி மூக்கு வரைக்கும் போச்சு.

வாயும் அதும்பாட்டுக்கு அது வேலையைப் பாத்துச்சு. ஹால் பூரா ஸ்பீக்கர்ல.

"படியில நிக்காத! உள்ள போ! உள்ள போ!"

படியில நின்னது யாரு? பெரியத்தை.

பிரியா கண்ணை மூடிகினா. பெரியத்தை மெதுவா என் பக்கம் திரும்பினாங்க.

எனக்கு உசுரு போச்சு. இதுல பாட்டு வேற ஓடிகினு இருக்கு, நான் எங்க வுட்டேன்னு தெரியலை...

ஒரு நிமிஷம். பாட்டு எப்படி ஓடுது?

சம்பந்தியைப் பாத்தேன். மூக்குல கம்பி பட்டுடப் போவுதுன்னு ரெண்டு கையையும் தூக்கி முகத்தைப் பொத்திகினு இருக்காரு. ரெண்டு கையும் மேல. கீபோர்டு மட்டும் அம்சமா வாசிச்சுகினு இருக்கு! நடுவுல ஒரு குழைவு வேற!

வெரல் சந்துல அவரு என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாத்தேன். கலைஞனும் கலைஞனும் கண்ணாலயே பேசிகினோம்.

அவரு கையை மெதுவா எறக்கி, ஒண்ணும் நடக்காத மாதிரி கட்டை மேல வெச்சாரு.

நான் சுதாரிச்சேன். கீபோர்டு அதுக்குள்ள ரெண்டு ஸ்டாப்பைத் தாண்டி ஒரகடம் கேட்டுக்கே வந்துடுச்சு. முழுப் பாட்டா கத்துகினவனா இருந்தா அங்க தவிச்சிருப்பான். எனக்கு எங்க வேணா ஏறிக்கலாமே! நாலாவது துண்டைப் புடிச்சேன்.

அடுத்த நொடி, மொத வரிசையில முத்துப்பாண்டி எழுந்தாரு.

கண்ணு பாதி மூடித்தான் இருக்கு. பையைத் தோள்ல மாட்டினாரு. ஐடி கார்டை சரி பண்ணினாரு. முன்னால நடந்தாரு. அவர் பின்னால இன்னொருத்தர். அப்புறம் பேக்கரி ஸ்டாப்பு ஆளுங்க. அப்புறம் ஹாஸ்டல் பொண்ணுங்க. நாப்பது பேரும் ஒத்தை வரிசையில, ஒரு தள்ளுமுள்ளு இல்லாம, மேடைப் படியில ஏறினாங்க.

படியில கோவமா நின்னுகினு இருந்த பெரியத்தையை அந்த வரிசை அப்படியே மேல ஏத்திகினு வந்துடுச்சு. கம்பெனி வரிசைங்க அது. உள்ள மாட்டினா நகர்ந்துதான் ஆவணும்.

"வரேண்ணே."

"வரேண்ணே."

"வரேன்ணா."

ஒவ்வொருத்தரா எங்கிட்ட சொல்லிட்டு, பொண்ணு மாப்பிள்ளையைத் தாண்டி, அந்தப் பக்கம் எறங்கினாங்க. முத்துப்பாண்டி மட்டும் மாப்பிள்ளை முன்னால நின்னு, கோட்டு சூட்டைப் பாத்து செக்யூரிட்டின்னு நெனைச்சுகினு, ஐடி கார்டைக் காட்டினாரு. மாப்பிள்ளை நல்ல பையன். பாத்துட்டு தலையை ஆட்டினாரு. அப்பதான் முத்துப்பாண்டிக்கு முழிப்பு வந்துச்சு.

"யண்ணே, இது கம்பெனி இல்லையா?"

மத்த ஜனம் இன்னா நெனைச்சுதோ, நாப்பது பேர் எழுந்து மேடைக்குப் போறாங்க, பெரிய மரியாதை போலன்னு, எல்லாரும் எழுந்து கை தட்டினாங்க. அந்தச் சத்தத்துல நான் தப்பு தப்பா வாசிச்ச கடைசி வரி யாருக்கும் கேக்கலை.

பெரியத்தை மேடையில என் முன்னால வந்து நின்னாங்க. நான் கிட்டாரை நெஞ்சோட அணைச்சுகினேன்.

"என்னைப் பாத்து 'உள்ள போ'ன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல."

"மன்னிச்சுக்கங்கமா. பஸ்ஸு பழக்கம்..."

"இந்தப் படியில ஜனம் கும்பலா நின்னா மேடை தாங்காதுன்னு காத்தாலேர்ந்து நான் கத்தறேன். எவன் கேட்டான்? நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க, வரிசையில வந்தாங்க பாரு!" அப்படியே தம்பி பக்கம் திரும்பினாங்க. "நீ இன்னாடா, வாசிக்கும்போது மூஞ்சியைப் பொத்திகினு இருந்த?"

சம்பந்திக்கு வேர்த்துடுச்சு. என்னைப் பாத்தாரு.

"அது உணர்ச்சிமா," நான் சொன்னேன். "பெரிய வித்வானுங்களுக்கு அப்படி வரும்."

பந்தியில சம்பந்தி என் பக்கத்து எலையிலதான் குந்தினாரு. பாயசம் வந்தப்புறம்தான் வாயைத் தொறந்தாரு.

"உண்மையச் சொல்லுங்க. எத்தனை வருஷமா வாசிக்கறீங்க?"

"நாப்பது நாளா. நீங்க?"

"எனக்கு கீபோர்டு வந்தே ஒரு வாரம்தான் ஆவுது. கடைக்காரனே பாட்டைப் போட்டுக் குடுத்தான். பட்டன் எதுன்னு காட்டினான்."

அவரு தன் எலையில இருந்த அப்பளத்தை எடுத்து என் எலையில வெச்சாரு.

பிரியாவுக்கு அந்த வூட்ல இப்ப ராஜ மரியாதை. யாராவது அவளை ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தா, மாமனாரு மொதல்ல எழுந்து நிக்கறாராம். "சம்பந்தி சாதாரண ஆளு இல்ல"ன்னு ஊர் பூரா சொல்லிகினு திரியறாரு. நான் எதிர்ல வந்தா மட்டும் கண்ணைப் பாக்கறதில்லை.

மிஸ்ஸுகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். தலையில கையை வெச்சுகினாங்க. "அங்கிள், கடைசியில சேர்த்து வாசிங்கன்னு சொன்னேனே!"

அதனால, நேரம் இல்லைன்னு பொலம்பறவங்க கேட்டுக்கங்க. ஒரு நாளைக்கு மூணு மூணு நிமிஷம் ஒதுக்கினா போதும், அஞ்சாங்கிளாஸ் தாண்டாத டிரைவருக்கே கிட்டார் வந்துடும்.

சுவத்துல கறை இருந்தா மட்டும், எதையும் மாட்டாம வெள்ளை அடிச்சுடுங்க.